வினை கேட்கும் துணை: ஆங்கில முன்னிடைச்சொற்கள் ஏன் வழுக்குகின்றன?

பள்ளியில் ஆங்கில இலக்கணம் படித்தவர்களில் பலருக்கு ஓர் அட்டவணை நினைவிருக்கும். இடப்பக்கம் தமிழ் வேற்றுமை உருபு, வலப்பக்கம் அதற்கு நேரான ஆங்கில முன்னிடைச்சொல், அதாவது ‘ப்ரெபொசிஷன்’. ‘கு’ என்றால் ‘டு’, ‘ஆல்’ என்றால் ‘பை’, ‘ஓடு’ என்றால் ‘வித்’, ‘மேல்’ என்றால் ‘ஆன்’, ‘இருந்து’ என்றால் ‘ஃப்ரம்’, ‘பற்றி’ என்றால் ‘அபவுட்’. ‘ஐ’ வந்தால் ஒன்றும் வேண்டாம். அரைப் பக்கத்தில் விஷயம் முடிந்துவிடும். நானும் அதை மனப்பாடம் செய்தவன்தான்; பிறகு பல ஆண்டுகள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மறந்து திருத்திக்கொண்டவன்.

அந்த அட்டவணை முழுப் பொய்யில்லை. மேசை மேல் புத்தகம், பெட்டிக்குள் பேனா என்று பொருள்கள் இருக்கும் இடத்தைச் சொல்லும்வரை அது ஒழுங்காகவே உதவுகிறது. வினைச்சொல்லுக்குப் பக்கத்தில் போனதும்தான் கைவிட்டுவிடுகிறது. ‘அவன் மேல் கோபம்’ என்பதை அட்டவணைப்படி மாற்றினால் ‘ஆங்ரி ஆன் ஹிம்’. ‘காய்ச்சலால் அவதிப்பட்டான்’ என்பது ‘சஃபர்ட் பை ஃபீவர்’. ‘திட்டத்தைப் பற்றி விவாதித்தோம்’ என்பது ‘டிஸ்கஸ்ட் அபவுட் த பிளான்’. ‘பாட்டைக் கேட்டேன்’ என்பதில் ‘ஐ’ இருப்பதால் ‘லிஸன்ட் த சாங்’. நான்கும் அட்டவணைக்குச் சரி, ஆங்கிலத்துக்குத் தவறு. ஆங்கிலம் எதிர்பார்ப்பது ‘ஆங்ரி வித்’ அல்லது ‘ஆங்ரி அட்’, ‘சஃபர் ஃப்ரம்’, முன்னிடைச்சொல் துணையே இல்லாத ‘டிஸ்கஸ்’, ‘லிஸன் டு’.

தவறு மொழிபெயர்ப்பில் இல்லை. முன்னிடைச்சொல் தனியாக ஒரு பொருளைத் தூக்கிக்கொண்டு வருகிறது என்று நம்பியதில்தான் இருக்கிறது. வினைக்குப் பின்னால் வரும்போது அது பெரும்பாலும் அந்த வினையின் உறுப்பு. ‘டிபெண்ட்’ என்பது பாதிச் சொல். ‘டிபெண்ட் ஆன்’ என்பதுதான் முழுச் சொல்.

இது நமக்குப் புதிய செய்தியும் இல்லை. அவனை அடித்தான், அவனுக்கு உதவினான், அவனிடம் கேட்டான், அவனோடு சண்டையிட்டான், அவன்மேல் பாய்ந்தான். எதிரே நிற்பவன் ஒருவன்தான். ஒவ்வொரு வினையும் அவனுக்கு வேறு வேறு உருபைப் பூட்டுகிறது. ‘அவனை உதவினான்’ என்று மூன்று வயதுக் குழந்தைகூடச் சொல்லாது. யாரும் அதற்கு அட்டவணை கொடுத்ததும் இல்லை. உதவுதல் என்ற வினை ‘கு’ உருபைக் கேட்கிறது, அவ்வளவுதான். தமிழ் இலக்கணம் இந்த ஒழுங்கையும், ஒழுங்கு குலையும் இடங்களையும் மிகப் பழங்காலத்திலேயே கவனித்திருக்கிறது. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் விளியோடு சேர்த்து எட்டு வேற்றுமைகளைச் சொல்லிவிட்டு, அவை ஒன்றின் இடத்தில் மற்றொன்று வருவதைப் பேசவே ‘வேற்றுமை மயங்கியல்’ என்று ஓர் இயலை ஒதுக்குகிறது. அச்சம் குறிக்கும் சொல் இரண்டாம் வேற்றுமையையும் ஏற்கும், ஐந்தாம் வேற்றுமையையும் ஏற்கும் என்பது அதில் வரும் விதிகளில் ஒன்று. பழியை அஞ்சினாலும் பழியின் அஞ்சினாலும் பொருள் ஒன்றே. இன்று நாம் நாய்க்கும் பயப்படுகிறோம், நாயைக் கண்டும் பயப்படுகிறோம். ஆங்கிலத்தில் ‘ஃபியர்’ என்ற வினைக்குத் துணை வேண்டாம். ‘அஃப்ரெய்ட்’ என்றால் ‘ஆஃப்’ வேண்டும். அச்சம் எந்த மொழியிலும் ஒரே உருபோடு நிற்பதில்லை போலும்.

ஆங்கிலத்துக்கும் ஒருகாலத்தில் வேற்றுமை உருபுகள் இருந்தன. பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களின் கடைசி அசை மாறி மாறி, யார் செய்தது, யாருக்குச் செய்தது, யாருடையது என்று காட்டியது. அந்தக் கடைசி அசைகள் அழுத்தமில்லாமல் ஒலிக்கப்பட்டுத் தேய்ந்தன. வடக்கிலிருந்து வந்து குடியேறிய நோர்ஸ் மொழிக்காரர்களோடு கலந்து பேசியதில் இன்னும் வேகமாக உதிர்ந்தன. உதிர்ந்த உருபுகளின் வேலையைச் சொல்வரிசையும் முன்னிடைச்சொற்களும் பகிர்ந்துகொண்டன. அதற்கிடையே 1066இல் பிரெஞ்சு பேசிய நார்மன்களின் படையெடுப்பு. அதைத் தொடர்ந்து பிரெஞ்சிலிருந்தும் லத்தீனிலிருந்தும் ஆயிரக்கணக்கான வினைகள் வந்து சேர்ந்தன. சில தம் பழைய மொழியின் துணையை மொழிபெயர்த்து உடன் கொண்டுவந்தன, சில புதிய இடத்தில் புதுத் துணை தேடிக்கொண்டன, சில துணையில்லாமலே குடியேறின. இன்றைய ஆங்கிலம் இந்த மூன்று வழக்கும் கலந்த கூட்டுக்குடும்பம். ஒரே விதியில் அதை அடக்க முயல்வது வீண்வேலை.

தேவையில்லாத இடத்தில் சேர்ப்பது

தமிழர்களின் ஆங்கிலத்தில் நான் அதிகம் காண்பது, தவறான முன்னிடைச்சொல்லைவிட, வேண்டாத முன்னிடைச்சொல். ‘டிஸ்கஸ் அபவுட்’ இந்தக் கூட்டத்தின் தலைவர். அவரோடு ‘என்டர் இன்டூ த ரூம்’, ‘ரீச் டு த ஸ்டேஷன்’, ‘மேரி வித்’, ‘ரிசெம்பிள் டு’, ‘ரிக்வெஸ்ட் ஃபார்’, ‘எம்ஃபசைஸ் ஆன்’, ‘லாக் ஆஃப்’, ‘கம்ப்ரைஸ் ஆஃப்’ எல்லாரும் வருவார்கள். இந்த வினைகள் எல்லாம் செயப்படுபொருளை நேரடியாகக் கையில் பிடிப்பவை. அறையை ‘என்டர்’ செய்யலாம், நிலையத்தை ‘ரீச்’ செய்யலாம். நடுவில் ஆள் வேண்டாம்.

பழியைத் தமிழ்மேல் போடுவது எளிது. அறைக்குள் நுழைகிறோம், நிலையத்துக்குப் போய்ச் சேர்கிறோம், ஒருவரோடு திருமணம் நடக்கிறது. ஆனால் தமிழே தெரியாத பல நாட்டு மாணவர்களும் ‘டிஸ்கஸ் அபவுட்’ என்றுதான் எழுதுகிறார்கள். காரணம் ஆங்கிலத்துக்குள்ளேயே இருக்கிறது. இந்த வினைகளில் பலவற்றுக்கு ஒரு பெயர்ச்சொல் உடன்பிறப்பு உண்டு. அதற்கு மட்டும் துணை வேண்டும். வினையாக ‘டிஸ்கஸ்’ தனியே நிற்கும். பெயராக ‘டிஸ்கஷன்’ என்றால் ‘அபவுட்’ வரும். ‘எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’ சரி, ‘ரிக்வெஸ்டட் ஃபார் லீவ்’ தவறு. ‘எம்ஃபசிஸ் ஆன்’, ‘என்ட்ரி இன்டூ’, ‘மேரேஜ் டு’, ‘ரிசெம்பிளன்ஸ் டு’, ‘எ லாக் ஆஃப்’, ‘கான்டாக்ட் வித்’, ‘எஃபெக்ட் ஆன்’ எல்லாம் பெயர்ச்சொல்லின் உடைமைகள். பெயர்ச்சொல்லிடமிருந்து இரவல் வாங்கி வினைக்குப் போட்டுவிடுகிறோம். இது சோம்பேறித்தனம் அல்ல. பார்த்த வடிவத்தை நீட்டிப் பார்க்கும் இயல்பான புத்திசாலித்தனம், தவறான இடத்தில் வேலை செய்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. பொருளில் இரட்டையர்போல இருக்கும் இரண்டு வினைகளில் ஒன்று துணையோடு வரும், மற்றது வராது. ‘வெயிட்’ என்றால் ‘ஃபார்’ வேண்டும், ‘அவெய்ட்’ தனியே நிற்கும். ‘ரிப்ளை’ என்றால் ‘டு’, ‘ஆன்சர்’ என்றால் ஒன்றுமில்லை. ‘டாக்’ என்றால் ‘அபவுட்’, ‘டிஸ்கஸ்’ என்றால் இல்லை. ‘அரைவ்’ என்றால் ‘அட்’ அல்லது ‘இன்’, ‘ரீச்’ என்றால் இல்லை. ‘அரைவ்’ பின்னால் ‘டு’ போடுபவர்கள் நிறைய; அந்தச் சொல்லின் வேரில் இருப்பது லத்தீனில் கரையைக் குறிக்கும் சொல். கரை சேர்ந்தவன் ஓர் இடத்தில் நிற்கிறான், அதனால் நிற்கும் இடத்தைக் காட்டும் ‘அட்’, ‘இன்’ இரண்டும் பொருந்துகின்றன. பெரிய ஊர், நாடு என்றால் ‘இன்’. நிலையம், வீட்டு வாசல், முடிவு என்றால் ‘அட்’.

சேர்க்கக் கூடாததைச் சேர்த்தால் பல நேரம் வெறும் தவறோடு போய்விடும். சில நேரம் சொல்ல நினைக்காத வேறு பொருள் வந்துவிடும். அது இன்னும் சங்கடம். ‘என்டர் இன்டூ’ என்று ஒரு வழக்கு உண்மையில் இருக்கிறது, ஆனால் அறைக்கு அல்ல, ஒப்பந்தத்துக்கு, பேச்சுவார்த்தைக்கு. ‘அட்டெண்ட் எ மீட்டிங்’ என்றால் கூட்டத்துக்குப் போவது. ‘அட்டெண்ட் டு’ என்றால் ஒன்றைக் கவனித்து முடிப்பது. ‘ஷி ஆன்சர்ட் மீ’ என்றால் எனக்குப் பதில் சொன்னாள். ‘ஷி ஆன்சர்ஸ் டு மீ’ என்றால் அவள் எனக்குக் கீழே வேலை செய்கிறாள். பதில் சொன்னவரை ஒரு சின்னச் சொல்லால் நம் ஊழியராக்கிவிடலாம். தேடுதலில் இது இன்னும் வேடிக்கை. ‘சர்ச் ஃபார் எ மேன்’ என்றால் ஒருவனைத் தேடுவது. ‘சர்ச் எ மேன்’ என்றால் அவன் சட்டைப்பையைச் சோதிப்பது.

விட்டுவிடுவது

எதிர்ப்பக்கத் தவறு, வேண்டிய துணையை விழுங்குவது. ‘லிஸன் டு’, ‘லுக் அட்’, ‘வெயிட் ஃபார்’ மூன்றும் அன்றாடம் அடிபடும் சொற்கள். சாதாரண வாக்கியத்தில் இவற்றில் பெரும்பாலோர் தவறுவதில்லை. வாக்கியம் கொஞ்சம் வளைந்ததும் துணை காணாமல் போகிறது. அந்த வளைவு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: பெயரெச்சம்.

‘நான் எழுதிய கடிதம்’ என்கிறோம். ‘நான் எழுதிய பேனா’ என்றும் சொல்கிறோம். ‘நான் எழுதிய மேசை’ என்றாலும் யாரும் குழம்புவதில்லை. கடிதத்தை எழுதினேன், பேனாவால் எழுதினேன், மேசையில் எழுதினேன் என்ற மூன்று உருபுகளும் பெயரெச்சத்துக்குள் கரைந்துவிட்டன. கேட்பவர் தம் அறிவைக் கொண்டு அவற்றை மீட்டுக்கொள்கிறார். தமிழின் அழகான சிக்கனங்களில் இது ஒன்று. ஆங்கிலத்தில் இந்தச் சிக்கனத்துக்கு இடமில்லை. ‘த லெட்டர் ஐ ரோட்’ சரி. பேனா என்றால் ‘த பென் ஐ ரோட் வித்’, மேசை என்றால் ‘த டேபிள் ஐ ரோட் அட்’. கடைசிச் சொல்லை விட்டுவிட்டு ‘த பென் ஐ ரோட்’ என்றால் பேனாவையே எழுதிவிட்டதாக ஆகிறது.

நாம் எழுதும் ஆங்கிலத்தில் ‘த ஹவுஸ் வீ லிவ்’, ‘த பர்சன் ஐ ஸ்போக்’, ‘த பஸ் ஐ வாஸ் வெயிட்டிங்’ என்று வால் அறுந்த வாக்கியங்கள் வருவது இதனால்தான். நாங்கள் வாழும் வீடு, நான் பேசிய ஆள், நான் காத்திருந்த பஸ் என்று மனத்துக்குள் முழுமையாக ஒலிக்கிறது. குறை எதுவும் தெரிவதில்லை. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி, பெயரைத் திரும்ப வினைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துப் பார்ப்பது. வீ லிவ் த ஹவுஸ்? இல்லை, ‘இன் த ஹவுஸ்’. அந்த ‘இன்’ வாக்கியத்தின் கடைசியில் நிற்க வேண்டும்.

வாக்கியத்தை முன்னிடைச்சொல்லில் முடிக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்த ஆசிரியர்களும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு கை கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தடையை வலியுறுத்தியவர்களில் புகழ்பெற்றவர் கவிஞர் ஜான் டிரைடன். 1672இல் தமக்கு முந்தைய தலைமுறை நாடகாசிரியரான பென் ஜான்சனின் நடையில் இதைக் குறையாகக் காட்டினார். முன்னிடைச்சொல்லைப் பெயருக்கு முன்னால் வைக்கும் லத்தீன் இலக்கணத்தை அளவுகோலாக்கியவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தின் இயல்போ அதற்கு முன்பும் பின்பும் வாக்கியத்தைத் தாராளமாக அப்படி முடித்துக்கொண்டுதான் இருக்கிறது. தடைக்குப் பயந்து துணையைக் கடைசியில் வைக்காமல் விடுபவர், அதை முன்னாலும் கொண்டுபோய் வைப்பதில்லை. அதனால் அது இரண்டு இடத்திலும் இல்லாமல் போகிறது.

படம் தெரிந்தால் பாதி வேலை

எதை, எப்போது போடுவது என்ற கேள்விக்கு ‘மனப்பாடம்தான்’ என்று கைவிரிப்பவர்கள் உண்டு. பாதி உண்மை. மற்ற பாதியில் காரணம் இருக்கிறது. அதைப் பார்ப்பதில் ஒரு சுவையும் இருக்கிறது.

குற்றம் சாட்டும் வினைகளை எடுத்துக்கொள்வோம். ‘அக்யூஸ்’ என்றால் ‘ஆஃப்’, ‘சார்ஜ்’ என்றால் ‘வித்’, ‘பிளேம்’ என்றால் ‘ஃபார்’. தமிழில் மூன்றையும் குற்றம் சாட்டுதல் என்று ஒரே தட்டில் வைத்துவிடலாம். துணை மட்டும் ஏன் மூன்று? ‘சார்ஜ்’ என்ற சொல்லின் வேர், லத்தீனில் வண்டியைக் குறிக்கும் சொல். வண்டியில் சரக்கேற்றுவதுதான் முதற்பொருள். ஒரு வண்டியை எதையாவது கொண்டு நிரப்புவது போல, ஒருவன்மேல் குற்றத்தை ஏற்றுகிறார்கள். நிரப்பும் வினைகளோடு வருவது ‘வித்’: ‘ஃபில் வித்’, ‘லோட் வித்’, ‘கவர் வித்’, ‘ப்ரொவைட் வித்’, ‘சப்ளை வித்’. அந்த வரிசையில் ‘சார்ஜ் வித்’ தானாகவே போய் நிற்கிறது.

‘பிளேம் ஃபார்’ வேறு குடும்பம். செய்த செயலுக்குக் கைம்மாறாக நல்லதோ கெட்டதோ கொடுக்கும் வினைகள் எல்லாம் ‘ஃபார்’ கேட்கின்றன: ‘தேங்க்’, ‘ப்ரெய்ஸ்’, ‘ரிவார்ட்’, ‘பே’, ‘பனிஷ்’, ‘ஃபைன்’, ‘அரெஸ்ட்’, ‘ஃபர்கிவ்’. பரிசும் தண்டனையும் ஒரே கணக்கில் எழுதப்படுகின்றன. இந்த வரிசையில் சேர வேண்டிய ‘கன்கிராஜுலேட்’ மட்டும் ‘ஆன்’ பக்கம் போய்விட்டது. வெற்றிக்காக வாழ்த்தும்போது ‘ஃபார்’ போடுபவர்கள் தர்க்கத்தில் சரி, வழக்கில் தவறு.

‘அக்யூஸ் ஆஃப்’ கூட்டத்தில் ‘கன்விக்ட்’, ‘அக்விட்’, ‘சஸ்பெக்ட்’ எல்லாம் உண்டு. பிரெஞ்சு வழியாக வந்த சட்டச் சொற்கள் அங்கிருந்த துணையை ‘ஆஃப்’ என்று மொழிபெயர்த்து வைத்துக்கொண்டன என்று பார்த்தால் இது புரியும். ஆனால் ‘ஆஃப்’ என்பதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம்மை அதிகம் ஏமாற்றுவது அதுதான். அதை ‘உடைய’ என்று மட்டும் கற்றுக்கொண்டோம். பிறகு ‘கியூர் ஹிம் ஆஃப் எ டிசீஸ்’, ‘ராப் ஹிம் ஆஃப் ஹிஸ் மனி’, ‘டிப்ரைவ் ஆஃப்’, ‘கெட் ரிட் ஆஃப்’, ‘ரிலீவ் ஆஃப்’ என்று பார்த்தால் திகைப்பாக இருக்கிறது. இங்கே யாருக்கும் எதுவும் உடைமையாகவில்லை, எல்லாம் பறிபோகிறது. விளக்கம் எளிது. எஃப் எழுத்து ஒன்று போட்டு எழுதும் ‘ஆஃப்’, இரண்டு போட்டு எழுதும் ‘ஆஃப்’ இரண்டும் ஆதியில் ஒரே சொல். ‘விட்டு’, ‘இருந்து’ என்பதே அதன் பழைய பொருள். அழுத்திச் சொன்ன வடிவம் இரட்டை எஃப் பெற்றுப் பிரிந்துபோனது. அழுத்தாத வடிவம் உடைமைக்கு வேலைக்குப் போனது. பறிக்கும் வினைகளோடு வரும் ‘ஆஃப்’ பழைய பொருளின் மிச்சம். நோயை விட்டு, பணத்தை விட்டு, பதவியை விட்டு என்று படித்தால் எல்லாம் நேராகிவிடும். ஒரு கவனம்: ‘ராப்’ செய்யப்படுபவர் ஆள், ‘ஸ்டீல்’ செய்யப்படுவது பொருள். அதனால் ‘ஸ்டீல் மனி ஃப்ரம் ஹிம்’.

இதே போன்ற பழைய மிச்சம் ‘வித்’ என்பதிலும் உண்டு. பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள் ‘எதிராக’. ‘ஓடு’ என்ற பொருளுக்கு ‘மிட்’ என்று வேறு சொல் இருந்தது. பேறுகாலத்தில் உடனிருக்கும் பெண்ணைக் குறிக்கும் ‘மிட்வைஃப்’ என்ற சொல்லில் அது இன்றும் ஒளிந்திருக்கிறது. எதிர்த்து நிற்பதைச் சொல்லும் ‘வித்ஸ்டாண்ட்’ என்பதில் ‘வித்’தின் பழைய பொருள் அப்படியே இருக்கிறது. ‘ஃபைட் வித்’, ‘ஆர்கியூ வித்’, ‘ஆங்ரி வித்’ மூன்றிலும் அந்த எதிர்ப்பு வாசனை மிஞ்சியிருக்கிறது. தமிழின் ‘அவனோடு சண்டையிட்டான்’ என்பதும் இதே இடத்தில் வந்து நிற்கிறது. பக்கத்தில் நின்றா, எதிரே நின்றா என்பதை அந்த ‘ஓடு’ சொல்வதில்லை.

‘டு’, ‘அட்’ இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு எனக்குப் பிடித்தது. நாய்க்கு எதையாவது எறிந்தால் ‘த்ரோ டு’. நாயின்மேல் எறிந்தால் ‘த்ரோ அட்’. முதலாவது உணவு, இரண்டாவது கல். தூரத்தில் இருப்பவர் காதில் விழட்டும் என்று கத்தினால் ‘ஷவுட் டு’. அவரைத் திட்டினால் ‘ஷவுட் அட்’. ‘டு’வின் மறுமுனையில் வாங்கிக்கொள்பவர் இருக்கிறார், ‘அட்’டின் மறுமுனையில் இலக்குத்தான் இருக்கிறது. ‘ஷூட் அட் த பேர்ட்’ என்றால் குறிவைத்துச் சுட்டார், பறவை பறந்தும் போயிருக்கலாம். ‘ஷாட் த பேர்ட்’ என்றால் பறவைமேல் குண்டு பட்டுவிட்டது. ‘லாஃப் அட்’, ‘ஸ்டேர் அட்’, ‘பாயிண்ட் அட்’, ‘எய்ம் அட்’ எல்லாம் குறிவைக்கும் வரிசை. ‘லுக் அட்’ என்பதில் ‘அட்’ ஏன் என்று கேட்கும் மாணவரிடம் ‘பார்வையைக் குறிவைக்கிறாய்’ என்று சொல்லிவிட்டால் மறக்கமாட்டார்.

மற்றவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். ‘ஆன்’ பக்கம் பாரம் இறங்குகிறது: ‘ரிலை’, ‘கவுண்ட்’, ‘இன்சிஸ்ட்’, ‘கான்சன்ட்ரேட்’, ‘டிபெண்ட்’. ‘டிபெண்ட்’ என்பதற்கு லத்தீனில் ஒன்றிலிருந்து தொங்குதல் என்று பொருள். தொங்குவது ஆணியைப் பிடித்துக்கொண்டுதானே. அதன் எதிர்ச்சொல் ‘இண்டிபெண்டன்ட்’ மட்டும் ‘ஆஃப்’ கேட்கிறது, கட்டை அறுத்து விலகுவதால். ‘ஃப்ரம்’ பக்கம் தடையும் விலகலும்: ‘ப்ரிவென்ட்’, ‘ப்ரொடெக்ட்’, ‘எஸ்கேப்’, ‘ரிகவர்’, ‘டிஃபர்’. ‘இன்டூ’ பக்கம் உருமாற்றம்: ‘டிவைட்’, ‘டர்ன்’, ‘டிரான்ஸ்லேட்’. தமிழில் மொழிபெயர்த்தார் என்று நாம் சொல்வதால் ‘டிரான்ஸ்லேட் இன் தமிழ்’ என்று வந்துவிடுகிறது. ஒரு மொழி இன்னொன்றாக மாறுகிறது, அதனால் ‘இன்டூ’.

திசை மாறினால் பொருள் கவிழும்

சில இணைகளில் முன்னிடைச்சொல் பிசகினால் நடையல்ல, செய்தியே தவறாகிவிடும். ‘ரிசல்ட் இன்’ என்றால் பின்னால் வருவது விளைவு. ‘ரிசல்ட் ஃப்ரம்’ என்றால் பின்னால் வருவது காரணம். மழை வெள்ளத்தில் ‘ரிசல்ட்’ ஆகும். வெள்ளம் மழையிலிருந்து ‘ரிசல்ட்’ ஆகும். இடம் மாற்றிப் போட்டால் வெள்ளம்தான் மழையைக் கொண்டுவந்தது என்று படிப்பவர் புரிந்துகொள்வார். அறிக்கைகளில் இது சிறிய பிழையல்ல.

‘ரிப்ளேஸ்’, ‘சப்ஸ்டிட்யூட்’ இணை இன்னும் வஞ்சகமானது. பழையதை எடுத்துப் புதியதைப் போடும்போது, பழையதை ‘ரிப்ளேஸ்’ செய்து ‘வித்’ போட்டுப் புதியதைச் சொல்ல வேண்டும். ‘சப்ஸ்டிட்யூட்’ என்றால் வரிசை தலைகீழ்: புதியதை முதலில் சொல்லி, ‘ஃபார்’ போட்டுப் பழையதைச் சொல்ல வேண்டும். மருந்துக் குறிப்பிலோ சமையல் குறிப்பிலோ இதைக் குழப்பினால் எதை எடுத்து எதைப் போடுவது என்பதே மாறிவிடும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் இதில் தடுமாறுகிறார்கள் என்பது ஓர் ஆறுதல்.

‘ப்ரிஃபர்’ என்ற வினையில் ஒப்பீடு வெளிப்படையாக இருப்பதால் ‘விட’ என்பதற்கு நேராக ‘தேன்’ போடத் தோன்றும். வேண்டியது ‘டு’. ‘சீனியர்’, ‘ஜூனியர்’, ‘சுப்பீரியர்’, ‘இன்ஃபீரியர்’ நான்கும் இதே கதை. லத்தீனிலிருந்து வரும்போதே ‘மேலான’, ‘இளைய’ என்ற ஒப்பீட்டை வயிற்றில் வைத்துக்கொண்டு வந்தவை அவை.

‘டு’ போடும் இரட்டை வேடம்

இதுவரை சொன்னவற்றைக் கரைத்துக் குடித்தவர்களும் ஓர் இடத்தில் சறுக்குகிறார்கள். ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ’ என்று எழுதப்படும் கடிதங்களுக்குக் கணக்கில்லை. வேண்டியது ‘டு மீட்டிங் யூ’. ‘வாண்ட் டு மீட்’ சரியென்றால் இது ஏன் தவறு? ஏனென்றால் ஆங்கிலத்தில் ‘டு’ இரண்டு ஆட்கள். ஒன்று, வினையெச்சத்தின் முன்னொட்டுப் போல வினையோடு ஒட்டி நிற்பது. நம் ‘சந்திக்க’ என்பதில் வரும் ‘க்க’ போல. மற்றது உண்மையான முன்னிடைச்சொல். அதன் பின்னால் பெயர்தான் வரும். வினை வந்தால் ‘இங்’ சேர்த்துப் பெயராகி வர வேண்டும். எந்த ‘டு’ என்று அறிய, பின்னால் ‘இட்’ என்ற சொல்லைப் போட்டுப் பாருங்கள். ‘லுக் ஃபார்வர்ட் டு இட்’ நிற்கிறது. ‘வாண்ட் டு இட்’ விழுகிறது. ‘அப்ஜெக்ட் டு’, ‘கன்ஃபெஸ் டு’, ‘கமிட்டட் டு’ மூன்றும் நிற்கும் கட்சி. மற்ற முன்னிடைச்சொற்களுக்குப் பின்னாலும் இதே விதிதான்: ‘இன்சிஸ்ட் ஆன் கோயிங்’, ‘சக்ஸீட் இன் ஃபைண்டிங்’.

‘எக்ஸ்பிளெய்ன் மீ’ என்ற பிழைக்கும் ‘டு’தான் மருந்து. ‘டெல் மீ’, ‘கிவ் மீ’, ‘ஷோ மீ’ எல்லாம் சரியாக இருக்கும்போது ‘எக்ஸ்பிளெய்ன் டு மீ’ மட்டும் ஏன்? தமிழில் எல்லாமே ‘எனக்கு’; அங்கிருந்து உதவி வராது. ஒரு குறிப்பு மட்டும் கிடைக்கிறது: ஆங்கிலத்தின் பழைய, ஓரசை வினைகள் ஆளையும் பொருளையும் இரண்டு கையிலும் நேரடியாகப் பிடிக்கும், லத்தீன் வழி வந்த நீளமான வினைகள் பெரும்பாலும் ஒன்றைத்தான் பிடிக்கும், ஆளுக்கு ‘டு’ வேண்டும். ‘டிஸ்கிரைப்’, ‘சஜஸ்ட்’, ‘அனவுன்ஸ்’, ‘மென்ஷன்’, ‘டொனேட்’ எல்லாம் அப்படி. ‘ப்ராமிஸ்’, ‘ஆஃபர்’ போன்ற சில விதியை மீறும். ‘சே’ என்ற பழைய குட்டிச் சொல்லும் மீறும். அதற்கு ‘டு’ வேண்டும்.

துணையா, வினையின் வாலா?

‘லுக் அப்’, ‘டர்ன் ஆஃப்’, ‘புட் ஆன்’ போன்றவற்றை முன்னிடைச்சொல் கணக்கில் சேர்த்துக் குழம்புபவர்கள் உண்டு. பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் இவை ஃப்ரேசல் வெர்ப் என்ற தனி இனம். சோதனை எளிது. ‘இட்’ என்ற சொல் நடுவில் நுழைகிறதா? ‘டர்ன் இட் ஆஃப்’ என்று நுழைகிறது. அங்கே ‘ஆஃப்’ வினையின் வால். ‘லுக் ஆஃப்டர் இட்’ என்பதில் நுழையாது, கடைசியில்தான் நிற்கும். அங்கே ‘ஆஃப்டர்’ முன்னிடைச்சொல். ‘கோப் அப் வித்’ என்று பலர் சொல்வதில் இந்த இரண்டு இனமும் மோதிக்கொள்கின்றன. ‘கீப் அப் வித்’, ‘கேட்ச் அப் வித்’ சரியாக இருப்பதால் ‘கோப்’ என்பதற்கும் ஒரு வாலை ஒட்டிவிட்டோம். ‘கோப் வித்’ போதும்.

அகராதி சொல்லும், ஊர் மாற்றும்

முன்னிடைச்சொல்லைச் சந்தேகத்தோடு தேடுபவருக்குப் பழைய பெரிய அகராதிகள் அதிகம் உதவியதில்லை. அவை ஆங்கிலேயருக்காக ஆங்கிலேயர் எழுதியவை. ‘டிபெண்ட்’ என்பதன் பின்னால் என்ன வரும் என்று அவர்கள் யாரும் கேட்டதில்லை, நாம் ‘உதவு’ என்ற வினைக்கு உருபு கேட்காதது போல. அந்தக் கேள்வியை எழுப்பியவர்கள் ஆங்கிலம் கற்க வந்த வெளியார். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த ஆங்கிலேயரான ஏ. எஸ். ஹார்ன்பி, தம் சக ஆசிரியர்களோடு சேர்ந்து, ஒவ்வொரு வினையும் எந்த அமைப்பில் வரும் என்று குறியிட்டுக் காட்டும் அகராதியைத் தொகுத்தார். அது 1942இல் டோக்கியோவில் வெளியாகி, 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பாக வந்தது. இன்று கற்போருக்கான எந்த நல்ல அகராதியிலும் வினைக்குப் பக்கத்தில் அதன் துணை தடித்த எழுத்தில் இருக்கும். பொருளை மட்டும் பார்த்துவிட்டு அந்தத் தடித்த எழுத்தைத் தாண்டிப் போவதுதான் நம் பழக்கம். புதுச் சொல்லைக் குறிப்பேட்டில் எழுதும்போது துணையோடும் ஒரு சின்ன வாக்கியத்தோடும் எழுதிவைப்பவருக்கு, பிறகு விதி தேவைப்படுவதில்லை.

அகராதியும் எல்லா நேரமும் ஒரே குரலில் பேசாது. பிரிட்டனில் ஒரு முடிவுக்கு எதிராக ‘ப்ரொடெஸ்ட் அகெய்ன்ஸ்ட்’, ‘அப்பீல் அகெய்ன்ஸ்ட்’. அமெரிக்காவில் இரண்டும் துணையின்றி நடக்கும். அமெரிக்கர் ‘ரைட் மீ’ என்பார், பிரிட்டிஷார் ‘ரைட் டு மீ’ என்பார். படிவத்தை ஓரிடத்தில் ‘ஃபில் இன்’ செய்கிறார்கள், மற்றோரிடத்தில் ‘ஃபில் அவுட்’. ‘டிஃப்ரன்ட் ஃப்ரம்’ எங்கும் செல்லும்; ‘டிஃப்ரன்ட் டு’ பிரிட்டனில் கேட்கும், ‘டிஃப்ரன்ட் தேன்’ அமெரிக்காவில். ‘அக்ரீ’ என்ற வினையைப் பாருங்கள். ஆளோடு ஒத்துப்போனால் ‘வித்’, முன்வைத்த யோசனைக்கு இசைந்தால் ‘டு’, பேசி ஒரு முடிவுக்கு வந்தால் ‘ஆன்’ என்று மூன்று துணைகளைப் பாடப்புத்தகம் கற்பிக்கிறது. பிரிட்டிஷ் செய்தித்தாள்களோ இப்போது ‘அக்ரீட் எ டீல்’ என்று ஒன்றையும் சேர்க்காமல் எழுதுகின்றன. ‘டிஸ்கஸ்’ என்பதற்கு வேண்டாத துணையை நாம் ஒட்டிக்கொண்டிருக்கும் அதே காலத்தில், இருந்த துணையை அவர்கள் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள்.